மருந்து

மருந்து (பெயர்ச்சொல்): 1. நோய் தீர்ப்பது. 2. துப்பாக்கியிலும் வேட்டிலும் இடும் வெடித்தூள்.

மயிலம், திண்டிவனம் பக்கம் திருவிழா வேட்டுக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் போடுவதை ‘மருந்து’ என்பார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்து அது. முதல் இரண்டும் சித்த வைத்தியச் சரக்குகள். தெலுங்கின் ‘மந்து’, பாரசீகத்தின் ‘தாரு’ ஆகியவற்றுக்கும் இதே இரு பொருள். சீனத்தில் ‘ஹுவோயாவ்’, அதாவது தீ மருந்து. சாவா மருந்து தேடிய சீன ரசவாதிகளே 9ஆம் நூற்றாண்டு வாக்கில் இதைக் கண்டார்கள்.

பிரெஞ்சுக்காரர் 1750இல் செஞ்சியைப் பிடித்ததும் 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்றதும் கருமருந்துக் காலத்தில். 1884இல் பிரான்சில் புகையில்லா மருந்து வந்தபின் இது ஒதுங்கியது. ஆனாலும் மேல்நாடுகளில் 1851 கோல்ட் நேவி போன்ற சுழல்துப்பாக்கிகளின் நகல்களைச் சேர்த்து, ஒவ்வோர் அறையிலும் மருந்தும் ஈயக்குண்டும் இட்டுச் சுடுவோர் பலர். இங்கே குழல்வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதில் மருந்துக்கும் விலக்கில்லை.