நாயனத்தின் வழியே வந்த சாக்ஸபோன்: கத்ரி கோபால்நாத்தும் 1980 மும்பை ஜாஸ் விழாவும்

மேலைநாட்டுக் கருவி ஒன்று கர்நாடக இசைக்குள் எப்படி வேரூன்றுகிறது? இந்தக் கேள்விக்கு ஆய்வுலகில் செல்வாக்குப் பெற்ற விடைகளுள் ஒன்று அமாண்டா வைட்மனுடையது. தென்னிந்திய இசையின் அரசியல் பற்றி 2006இல் வெளிவந்த அவரது நூல், வயலினை முன்வைத்து வாதத்தைக் கட்டுகிறது. குரலைப் பின்தொடர்ந்து, குரலைப் போலவே இசைக்கக் கற்றதால் வயலின் நம்முடையதாயிற்று. அது மட்டுமன்று, குரலே இவ்விசையின் மூலம் என்ற எண்ணத்தைக் கச்சேரி மேடையில் வலுப்படுத்தியதிலும் அந்த அயல்கருவிக்குப் பங்குண்டு. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் தொடங்கிவைத்த வழக்கத்துக்கு இத்தகைய அரசியல் பொருள் காட்டியது வைட்மனின் பெரிய பங்களிப்பு. அவரே வயலின் பயின்றவர் என்பதால், விரலும் வில்லும் செய்யும் வேலையை அறிந்து எழுதுகிறார்.

வயலினைப் பொறுத்தவரை அவர் வாதத்தை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் அதை எல்லா மேலைக் கருவிகளுக்கும் பொதுவிதியாக நீட்டினால் சாக்ஸபோனில் இடறுகிறது. காற்றுக் கருவிகள் நம்மிடம் வந்த பாதை வேறு. அந்தப் பாதையில் வழிகாட்டியாக நின்றது குரல் அன்று, நாகசுரம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வைட்மன் தரப்புக்கு வலுச்சேர்க்கும் சான்றுகளைச் சொல்லிவிட வேண்டும். 1949இல் தட்சிண கன்னட மாவட்டத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மங்களூரில் கலாநிகேதனத்தைச் சேர்ந்த என். கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றவர். டி.வி.ஜி. வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் தேர்ந்தவர். கோபால்நாத்தின் மேடையில் அமர்ந்தவர்கள் வயலின், மிருதங்க, மோர்சிங் கலைஞர்கள். அதாவது, பாட்டுக் கச்சேரிக்குரிய அமைப்பு. வாசித்தவையும் பாடகர்கள் பாடும் கீர்த்தனைகளே. இவற்றை மட்டும் அடுக்கினால் சாக்ஸபோனும் குரலின் வழியில்தான் வந்தது என்று முடிவு கட்டிவிடலாம்.

ஆனால் இவை எல்லாம் கருவி கைக்கு வந்தபின் நடந்தவை. அது எப்படிக் கைக்கு வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. கோபால்நாத்தின் தந்தை தனியப்பா நாகசுரக் கலைஞர். மகனும் அந்தக் கருவியில்தான் தொடங்கினார். சிறுவயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்மேல் ஆசை கொண்டார். இங்கே ஒரு வரலாற்று இயைபு உண்டு. பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற இக்கருவி, ராணுவ பேண்டுகளின் வழியாகவே உலகில் பரவியது. திறந்தவெளியில் நடந்துகொண்டே வாசிக்கவும் தூரத்தில் நிற்பவர் காதில் விழவும் ஏற்ற கருவி அது. சுவாமி புறப்பாட்டில் நாகசுரம் செய்யும் வேலையும் அதுவே. நாயனம் வாசித்த சிறுவனின் காதில் அரண்மனை சாக்ஸபோன் அறிமுகமான குரலாகவே ஒலித்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான் என்றாலும் ஆதாரமற்றது அன்று.

கருவியையே சற்று நெருங்கிப் பார்ப்போம். நாகசுரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. விரலின் சதை துளையை முழுக்க மூடும், பாதி மூடும், மெல்ல விலகும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள அசைவு அங்கேதான் பிறக்கிறது. மீதியை மூச்சும், சீவாளியைக் கவ்விய உதடும் செய்கின்றன. சாக்ஸபோனிலோ விரல் துளையைத் தொடுவதே இல்லை. விரல் அழுத்துவது விசையை. விசை இறக்குவது தோல்திண்டு பொருத்திய மூடியை. மூடி திறந்திருக்கும், இல்லையேல் மூடியிருக்கும். எனவே கமகத்தின் முழுச்சுமையும் உதட்டிலும் தொண்டையிலும் மூச்சிலும் வந்து விழுகிறது. விரலுக்கு மிஞ்சுவது விசைகளை நொடிக்குள் மாற்றும் வேகம்தான். ஒற்றை நாணல் பட்டையை உதட்டழுத்தத்தால் வளைத்து ஸ்வரத்தை இழுக்கும் இந்த உழைப்பு வாய்ப்பாட்டில் இல்லை, நாயனத்தில் உண்டு. கோபால்நாத்துக்குப் பாட்டு ஆசிரியர்கள் தந்தது பாடாந்தரம். உதட்டின் பழக்கம் தகப்பனார் வீட்டிலிருந்து வந்தது.

இந்த வழியில் அவர் முதல்வரும் அல்லர். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை மகாதேவ நட்டுவனார் சதிர்க் குழுவில் கிளாரினெட்டைச் சேர்த்ததாகச் சொல்வர். 20ஆம் நூற்றாண்டில் அதைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்திய ஏ.கே.சி. நடராஜனும் நாகசுரம் பயின்றவர். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்ற பட்டத்தை அவருக்குத் தந்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. அயல் காற்றுக்கருவி ஒன்றை ஏற்று அங்கீகரித்தது நாகசுரச் சக்கரவர்த்தி என்பதை வைட்மனின் சட்டகத்தில் எங்கே பொருத்துவது?

இனி 1980. மும்பையில் 1978இல் நிரஞ்சன் ஜவேரியின் முனைப்பில் தொடங்கிய ‘ஜாஸ் யாத்ரா’, அமெரிக்க, ஐரோப்பியக் கலைஞர்களை இந்திய மேடைக்குக் கொண்டுவந்த விழா. 1980 விழாவில் கலிபோர்னியாவின் ஜான் ஹேண்டி, கோபால்நாத்தின் வாசிப்பைக் கேட்டு, தாமும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார் என்பதும், அந்தக் கூட்டு வாசிப்பு அரங்கைக் கவர்ந்தது என்பதும் கோபால்நாத்தின் வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி. இதையே அவர் வாழ்வின் திருப்புமுனை என்கிறார்கள்.

அந்தச் செய்தியில் நான் நின்று பார்ப்பது வேண்டுகோளின் திசையை. கேட்டவர் ஹேண்டி. ஜாஸைத் தேடிக் கோபால்நாத் போகவில்லை. அவர் வாசித்தது கர்நாடக இசை, அதைத் தேடி ஜாஸ் வந்தது. ஹேண்டியும் ராகத்துக்குப் புதியவர் அல்லர். அலி அக்பர் கானுடன் ‘கருணா சுப்ரீம்’ இசைத்தட்டை 1975இலேயே பதிவு செய்தவர். எதிர்த்திசையில் பயணித்தவரும் அக்காலத்தில் இருந்தார்: கோவாவின் பிராஸ் கோன்சால்வஸ், ஜாஸிலிருந்து புறப்பட்டு ராகத்தை நோக்கி நடந்த சாக்ஸபோன் கலைஞர். கோபால்நாத்தையும் கோன்சால்வஸையும் ‘கலப்பிசை’ என்ற ஒரே கூடையில் போடுவது வரலாற்றைக் குழப்பும்.

இந்நிகழ்ச்சி பற்றி நமக்கு எட்டுவது பெரும்பாலும் பின்னாளைய நினைவுகூரல் என்பதை மறைக்கக் கூடாது. காலக்கணக்கும் முழுமையாக ஒத்துவரவில்லை. சாக்ஸபோனில் கர்நாடக இசையை வசப்படுத்த அவருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின என்று அடிக்கடி எழுதப்படுகிறது. 1980இல் அவருக்கு வயது 30. அதற்குள் 20 ஆண்டுப் பயிற்சி முடிந்திருந்தால் பத்து வயதிலேயே சாக்ஸபோனை எடுத்திருக்க வேண்டும். இல்லையெனில், ‘திருப்புமுனை’ எனப்படும் அந்த இரவிலும் அவர் கருவியோடு போராடிக்கொண்டிருந்தார் என்றாகும். இரண்டில் எது சரி என்று என்னால் உறுதி கூற முடியவில்லை. பின்னதை நோக்கியே சாய்கிறேன். அது சரியானால், 1980 அவரது இசையை மாற்றிய ஆண்டு அன்று. அவரை வெளியுலகம் கண்டுகொண்ட ஆண்டு மட்டுமே.

இதற்குக் காதால் கேட்கக்கூடிய சான்று 2008இல் வந்த ‘கின்ஸ்மென்’ இசைத்தட்டு. அதில் இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள்: ஒன்று கோபால்நாத்துடையது, மற்றது அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடையது. உடன் வயலினில் ஏ. கன்யாகுமரி, மிருதங்கத்தில் பூவாளூர் ஸ்ரீஜி. மகந்தப்பா ஸ்வரங்களைத் தனித்தனி விளிம்போடு, பாய்ச்சலாக அடுக்குகிறார். கோபால்நாத் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வளைந்தே செல்கிறார். மும்பை விழாவுக்கு 28 ஆண்டுகள் கழித்தும், ஜாஸ் கலைஞர்கள் சூழ இருந்தும், அவர் இருந்த இடத்தில்தான் இருந்தார். மரபின்மீது அவர் கொண்ட பற்றுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. நடத்தும் விழாவில் வாசித்தபோதும் அவர் கர்நாடக இசைக் கலைஞராகவே அழைக்கப்பட்டார். அதே ஆண்டு வந்த ‘டூயட்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமானுக்குப் பல ராகங்களை வாசித்துக் காட்டி, கடைசியில் கல்யாண வசந்தத்தில் இசைவு கிடைத்ததாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த வரலாற்றுக்கு வேறொரு பக்கமும் உண்டு. ராஜரத்தினம் பிள்ளை குறித்த 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் யோஷிடகா தெராடா, நாகசுரக் கலைஞர்கள் சாதிப் போட்டிக்கு நடுவே மேடையில் மதிப்புக்காகப் போராடியதை விளக்குகிறார். சென்னை சபாக்களில் நாகசுரம் இன்றும் பெரும்பாலும் தொடக்க நாள் மங்கல இசையாகவே ஒலிக்கிறது. மாலை நேர முதன்மைக் கச்சேரி அதற்கு அரிது. நாயனக்காரர் மகன் சாக்ஸபோனை ஏந்தியபோது அந்த இடம் கிடைத்தது. அது அவர் திறமைக்குக் கிடைத்த மரியாதை. அவர் தகப்பனாரின் கருவிக்கு மறுக்கப்பட்ட மரியாதையும் அதுவே.

திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, செம்பட்டி வட்டாரக் கல்யாணங்களில் இந்தப் பிரிவினை நம் கண்ணெதிரே நடக்கிறது. முகூர்த்தத்துக்கு நாகசுரமும் தவிலும். கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறியதும் அவர்கள் வேலை முடிந்தது. மாலை வரவேற்புக்கு கீபோர்டு, ரிதம்பேடுடன் சாக்ஸபோன். ஒலிபெருக்கியும் வெளிச்சமும் கைதட்டலும் அதற்கே. அந்தச் சாக்ஸபோன் கலைஞர்களில் எத்தனை பேர் மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகள், எத்தனை பேர் பேண்டு செட்டிலிருந்து வந்தவர்கள் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், மேலே நான் முன்வைத்த வாதம் நிற்குமா சரியுமா என்பது தெரிந்துவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நிலக்கோட்டை அரசு மகளிர் கலைக் கல்லூரி மாணவியரும் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இவ்வட்டாரத்து நாயனக்காரர், தவில்காரர், பேண்டு செட் கலைஞர் வீடுகளுக்குச் சென்று அவர்கள் குருவழியையும் குடும்பக் கதையையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்ய வேண்டும். நாகசுரமும் தவிலும் கற்பிக்கும் பழனிக் கோயில் பள்ளி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். கோபால்நாத் 2019 அக்டோபர் 11 அன்று மறைந்தார். அவர் தலைமுறைக் கலைஞர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய காலம் இதுவே.