ஜெர்மன் மொழியும் தமிழ் மாணவரும்

கேமரன் மலைத் தோட்டங்கள் எழுந்த வரலாறும், நம் முன்னோர் கூடை சுமந்து கொழுந்து பறித்த வரலாறும் இக்கல்விச் சிறப்பு மலரைப் படிப்போர் அறிந்தவை. ஆகவே, கல்லூரி வாயிலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் சொல்ல விழைகிறேன். அயல்மொழி ஒன்றைப் பயிலும் வாய்ப்பு வந்தால் ஜெர்மன் மொழியைப் பயிலுங்கள். அதனால் வேலை கிடைக்கும் என்பது உண்மை. நம் வரலாற்றின் ஒரு பகுதியே அம்மொழியில் இருக்கிறது என்பது அதனினும் பெரிய உண்மை.

தரங்கம்பாடி தந்த உறவு

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்க் என்னும் ஜெர்மானிய மறைப்பணியாளர் தமிழகக் கடற்கரையூரான தரங்கம்பாடியில் கரையிறங்கினார். முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அவர்தம் மாணவர்களோடு தம் இல்லத்துக்கு அழைத்தார். சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டார். நம் தமிழ்ப் பிள்ளைகள் மனப்பாடமாக ஓதும் ஔவையின் மொழி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மன் உருப்பெற்றது என எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது.

1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதி அவர் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். சிவபெருமான், திருமால் வழிபாட்டோடு ஐயனாரும் மாரியம்மனும் அதில் இடம்பெற்றனர். தோட்டந்தோறும் நாம் கோயில் எடுத்த அதே மாரியம்மன்தான். ஹாலேயில் இருந்து மறைப்பணியை வழிநடத்திய பிராங்கே அந்நூலை அச்சிட இசையவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது.

இவை யாவற்றிலும் என் உள்ளத்தைக் கவர்ந்தவை, தமிழர்கள் சீகன்பால்குக்கு எழுதிய கடிதங்கள். சமயம், சாதி, மருத்துவம், இல்லற வாழ்வு என அவர் கேட்ட வினாக்களுக்குத் தமிழர்கள் தம் குரலில் விடை எழுதினர். ஹாலேயில் வெளியான மறைப்பணி அறிக்கைகளில் அவை ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழனின் சிந்தனையை அவன் சொல்லிய வண்ணம் அறிய விரும்பும் இன்றைய தமிழனுக்கு ஜெர்மன் வேண்டும். கடிதங்கள் மட்டுமா? 1714இல் சீகன்பால்கோடு கப்பலேறிய மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் ஹாலே வரை சென்றார். சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் அந்நகரிலேயே 1716இல் அச்சேறியது.

குறள் கண்ட கிரௌல்

ஜெர்மனியின் லைப்சிக் திருச்சபைப் பணியின் தலைவர் கார்ல் கிரௌல் 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணம் மேற்கொண்டு தமிழ் கற்றார். வேதாந்த நூலாகிய கைவல்ய நவநீதத்தைப் பெயர்த்தார். 1856இல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்தார். அவர் செய்த இலத்தீன் பெயர்ப்பு, அவர் மறைந்த மறு ஆண்டு, 1865இல் வெளிவந்தது. கல்வி அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, கற்றவனுக்கு எவ்விடமும் சொந்த மண்ணே என்கிறார். அக்கருத்துக்குத் தம் வாழ்வாலேயே உரை எழுதியவர் கிரௌல். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகளும் பன்மொழி கற்றே உலகெங்கும் தமிழின் சுவடுகளைத் தேடினார்.

இன்றைய வழி

மலாயாப் பல்கலைக்கழகத்திலும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்திலும் ஜெர்மன் மொழியில் பட்டம் பெறலாம். தலைநகரில் கோதே நிறுவனம் கற்பிக்கிறது. துணைவாக்கியத்தில் வினைச்சொல்லை இறுதியில் வைக்கும் அம்மொழியின் நடை தமிழ்ப் பிள்ளைக்கு அந்நியமாகத் தோன்றாது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. எனினும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பினாங்கில் போஷ், பி. பிரவுன், மலாக்காவிலும் கூலிமிலும் இன்ஃபினியன் என ஜெர்மன் தொழிற்சாலைகள் நம் நாட்டிலேயே உள்ளன. ஹாம்பர்க் ஐரோப்பாவின் பெரிய தேயிலை வணிகத் துறைமுகம். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சுவடி ஆய்வும் நடைபெறுகிறது. தேயிலை மலையில் பிறந்த பிள்ளை இவ்விரண்டுக்கும் உரியவர்.

பெற்றோரே, படிவம் ஐந்து முடிந்ததும் பிள்ளையைக் கிடைத்த வேலைக்கு அனுப்பி நிறைவடையாதீர்கள். கோயில் நிர்வாகத்தினரே, திருவிழாச் செலவில் ஒரு பங்கை மொழிக் கல்விக்கு ஒதுக்குங்கள். அதுவும் இறைத்தொண்டே. மாணவச் செல்வங்களே, அன்று ஓர் அயலார் மணலில் எழுதி நம் தமிழைக் கற்றார். அவர் மொழியைக் கற்று, நம் முன்னோர் சொன்னவற்றை ஹாலேயின் ஏடுகளில் நீங்களே படித்து, தமிழுலகுக்கு எடுத்துரைக்கப் புறப்படுங்கள். முருகன் துணை நிற்பான்.