ஒரு மூச்சு நேரம்: நீரில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் முறைகளின் வரலாறு

நீரில் விழும் ஹெலிகாப்டர் பெரும்பாலும் கவிழ்ந்துவிடுகிறது. எஞ்சின்கள், கியர்பாக்ஸ், சுழலி என எடை மிகுந்த பாகங்கள் யாவும் பயணிகளின் தலைக்கு மேல் அமைந்திருப்பதே காரணம். விமானி பதற்றமின்றி மெதுவாக இறக்கினாலும் ஓரளவு பெரிய அலை போதும், அது தலைகீழாகிவிடும். உள்ளே இருப்பவர் இருட்டில், இருக்கைப் பட்டையில் தொங்கியபடி, மூக்கில் நீர் ஏற, வழி தேட வேண்டும். இத்தகைய விபத்துகளில் மோதலைத் தாங்கி உயிரோடிருந்த பலர் வெளியேற முடியாமல் மூழ்கியே இறந்திருக்கிறார்கள். மூச்சைப் பிடிக்கும் நேரம், வெளியேறத் தேவையான நேரம் ஆகிய இரண்டுக்கும் இடையிலான பற்றாக்குறையை நிரப்ப எடுத்த முயற்சிகளே இத்துறையின் வரலாறு.

இதன் தொடக்கம் ஹெலிகாப்டருக்கும் முந்தியது. இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் விழுந்த போர் விமானங்களின் விமானிகளுக்காக அமெரிக்கக் கடற்படையின் பென்சகோலா தளத்தில் வில்ஃபிரட் கானெப் என்ற பொறியாளர் ஒரு பயிற்சிக் கருவியை வடிவமைத்தார். தண்டவாளத்தில் சறுக்கி நீச்சல் குளத்தில் பாய்ந்து கவிழும் விமானி அறை அது. கவனமற்ற விமானியாக அக்காலக் கடற்படைச் சுவரொட்டிகளில் வந்த கேலிச்சித்திரப் பாத்திரத்தின் பெயரால் ‘டில்பர்ட் டங்கர்’ எனப்பட்டது. அதில் இருந்தது ஒருவருக்கான இடமே. பலர் ஒரே வழியில் முண்டியடிக்கும் ஹெலிகாப்டரின் சிக்கல் அதில் இல்லை.

1963 முதல் 1975 வரையிலான அமெரிக்கக் கடற்படை ஹெலிகாப்டர் விபத்துகளை ஆராய்ந்து 1978இல் வெளியான ஆய்வு ஒன்று, பயிற்சி பெற்றவர்களில் 91.5 சதவீதத்தினர் பிழைத்ததையும், பெறாதவர்களில் 66 சதவீதத்தினரே பிழைத்ததையும் காட்டியது. பலர் ஒன்றாக அமர்ந்து மூழ்கி உருளும் பயிற்சிக் கூண்டுகள் அடுத்தடுத்து வந்தன. 1980களில் கனடாவின் டார்ட்மவுத்தில், உண்மையான ஜன்னல்களையும் கதவுகளையும் மாற்றிப் பொருத்தக்கூடிய கூண்டு உருவானது. இது சிறிய மேம்பாடு அல்ல. திறந்த துளை வழியே நீந்துவது ஒன்று. நீருக்கடியில் தலைகீழாக இருந்து கண்ணாடியைத் தள்ளித் திறப்பது முற்றிலும் வேறு.

இந்தப் பயிற்சியில் கற்பிக்கப்படும் வரிசைக்கு உறுதியான காரணம் உண்டு. ஒரு கை ஜன்னல் விளிம்பையோ அறிந்த ஓர் இடத்தையோ விடாமல் பற்றியிருக்க வேண்டும். கூண்டின் அசைவு அடங்கும்வரை காத்திருந்து, ஜன்னலைத் தள்ளிய பிறகே பட்டையைக் கழற்ற வேண்டும். முதலில் பட்டையைக் கழற்றினால் உடல் மிதந்து, இப்போது மேலே இருக்கும் தரையில் போய் முட்டும். திசை தெரியாது, ஜன்னலைத் தள்ளப் பிடிமானமும் இருக்காது. பிடித்த கையே திசைகாட்டி.

வடகடல் எண்ணெய்த் தொழில் இந்தப் பயிற்சியைப் படைத்துறையிலிருந்து பொதுமக்களிடம் கொண்டுவந்தது. 1986 நவம்பர் 6 அன்று ஷெட்லாந்தின் சம்பரோ அருகே சினூக் ஹெலிகாப்டர் வானிலேயே சிதைந்து விழுந்ததில் 45 பேர் இறந்தனர். இருவர் மட்டுமே பிழைத்தனர். எந்தப் பயிற்சியும் காப்பாற்ற முடியாத மோதல் அது. 1992 மார்ச்சில் கார்மோரன்ட் ஆல்ஃபா எண்ணெய் மேடையருகே நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்து வேறு வகை. 17 பேரில் 11 பேர் இறந்தனர். அவர்களில் பலர் ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறியும் கொந்தளித்த கடலின் மேற்பரப்பில் உயிரிழந்தவர்கள்.

குளிர்நீரின் பங்கை உடலியல் விளக்கியது. பிரிட்டனின் மைக்கேல் டிப்டன், கனடாவின் கிறிஸ் புரூக்ஸ் முதலியோரின் ஆய்வுகள் 1980களின் இறுதியிலிருந்து இதைத் தெளிவாக்கின. குளிர்நீர் தோலில் பட்டதும் மனிதர் அடக்க முடியாமல் மூச்சை இழுக்கிறார். தரையில் ஒரு நிமிடம் மூச்சு பிடிப்பவரால் பனிக்கடலில் 20 விநாடிகூடத் தாங்க முடியாமல் போகலாம். நிறைந்த ஹெலிகாப்டரில் கடைசியாக வெளியேறுபவருக்கு அரை நிமிடத்துக்கும் மேல் தேவை. குளிரைத் தடுக்கும் உடையோ மிதப்புத் திறனைக் கூட்டி, நீருக்கடியில் நகர்வதைக் கடினமாக்குகிறது.

ஆகவே மூச்சையே கையோடு கொடுக்கும் வழி தேடப்பட்டது. அமெரிக்கக் கடற்படை சிறு அழுத்தக் காற்றுக் குடுவையைத் தந்தது. வடகடலில், தன் மூச்சையே பைக்குள் விட்டு மீண்டும் இழுக்கும் கருவி பரவியது. பின்னர் அதில் சிறிது காற்றும் சேர்க்கப்பட்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே 2009 மார்ச் 12 அன்று கூகர் 491 ஹெலிகாப்டர் விழுந்து, 18 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். அங்கே சுவாசக் கருவிகள் நடைமுறைக்கு வந்தது அதன் பின்னரே. 2013 ஆகஸ்ட் 23 அன்று சம்பரோ அருகே சூப்பர் பூமா ஹெலிகாப்டர் கவிழ்ந்து நால்வர் இறந்தபோது இன்னொரு குறை தெரிந்தது. பயணிகளின் கருவியில் காற்று அடைக்கப்பட்டிருந்ததைப் பயணத்துக்கு முந்தைய விளக்கம் தெளிவாகச் சொல்லவில்லை. கருவி கையில் இருந்தும் அறிவு கைக்கு வராமல் போனது வேதனைக்குரியது.

பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் 2014இல் எடுத்த முடிவுகள் கவனத்தைப் பயணியிடமிருந்து இயந்திரத்தின் பக்கமும் திருப்பின. நீருக்கடியிலேயே இயக்கக்கூடிய அழுத்தக் காற்றுக் கருவி கட்டாயமானது. தோள் அகலம் 22 அங்குலத்துக்கு மேற்பட்டோர் பெரிய ஜன்னலருகே மட்டுமே அமரலாம் என்றானது. ஜன்னலின் அளவு மனித உடலோடு ஒப்பிடப்பட்டது இங்கேதான்.

வெதுவெதுப்பான கடலில் குளிர் அதிர்ச்சி குறைவு, கவிழ்தல் குறைவதில்லை. 2022 ஜூன் 28 அன்று மும்பை ஹை எண்ணெய் வயலருகே எஸ்-76டி ஹெலிகாப்டர் கடலில் விழுந்தபோது ஒன்பது பேரில் நால்வர் இறந்தனர். வெளியேறத் தடையாவது குளிர் மட்டுமல்ல: நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் 2018 மார்ச்சில், கதவு திறந்த புகைப்படப் பயணத்துக்கெனக் கூடுதல் கச்சையால் முதுகுப்புறம் பிணைக்கப்பட்டிருந்த ஐந்து பயணிகளும் மூழ்கினர். விமானி மட்டும் வெளியேறினார். மிதவைப் பைகள் இருபுறமும் சமமாக விரியாததால் அது கவிழ்ந்தது.

பயிற்சிக்கு இத்தனை காலம் தந்த முக்கியத்துவத்தை வடிவமைப்புக்கும் தந்திருக்க வேண்டும். கூரையோரம் கூடுதல் மிதவைகளைப் பொருத்தினால் கவிழ்ந்த ஹெலிகாப்டர் முழுதும் தலைகீழாகாமல் பக்கவாட்டில் மிதக்கும்; ஒருபுற ஜன்னல்கள் நீருக்கு மேலேயும் சுவாசிக்கச் சிறிது காற்று உள்ளேயும் இருக்கும். 1990களிலிருந்தே மாதிரிகளால் சோதிக்கப்பட்ட இந்த யோசனை, எடையும் செலவும் காரணமாகப் பறக்கும் ஹெலிகாப்டர்களை மிக மெதுவாகவே நெருங்கிவருகிறது.