அரங்கம் அமைத்த தமிழர் அறிவு

நாடகம் என்றதும் கதை, வசனம், நடிகர் ஆகிய மூன்றும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் நடிப்பவர் நிற்கும் இடம், அவர் வரும் வழி, அவர் முகத்தில் விழும் ஒளி, அவரை மறைக்கும் திரை ஆகியவை சரியாக அமையாவிட்டால் நல்ல கதையும் எடுபடாது. இந்த அடிப்படைகளைப் பழந்தமிழர் அளவுகளோடு வகுத்து வைத்திருந்தனர். அதற்குச் சான்றாக இருப்பது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை.

மாதவி 5 வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, 12 வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். கூத்தும் நாடகமும் ஒன்றாகவே கருதப்பட்ட காலம் அது. அவள் ஆடிய மேடையை இளங்கோவடிகள் விரிவாக வருணிக்கிறார்.

அளவும் வாயிலும்

முதலில் முறைப்படி நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மலை மூங்கிலில் அளவுகோல் செய்யப்பட்டது. அதன் நீளம் 24 விரல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என மேடை அமைந்தது. மேடைத் தளத்திற்கும் மேலுள்ள பலகைக்கும் இடைவெளி 4 கோல். ஒரு கோலை ஒன்றரை அடி என்று கொண்டால், மேடையின் அகலம் பத்தரை அடி, நீளம் 12 அடி. அதாவது, ஆடுபவரின் கண்ணசைவும் பார்ப்பவருக்குத் தெரியக்கூடிய சிறிய மேடை.

உள்ளே வர ஒரு வாயில், வெளியே செல்ல ஒரு வாயில் என இரண்டு வாயில்கள் இருந்தன. தூண்களின் நிழல் மேடையில் விழாதபடி விளக்குகள் வைக்கப்பட்டன. மின்விளக்கு இல்லாத காலத்திலேயே ஒளியமைப்பின் முதல் விதியை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்று திரைகள்

திரைக்கு அன்று எழினி என்று பெயர். ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு பக்கங்களிலிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி. மேலிருந்து தொங்குவது கரந்துவரல் எழினி. இவற்றுக்கு விளக்கம் தந்தவர் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். பழைய நாடக நூல்கள் பல தம் காலத்திற்கு முன்பே அழிந்துபோனதாக அவரே குறிப்பிடுகிறார். அவருடைய உரையும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்த உரையின் இப்பகுதியும் அழிந்திருந்தால், எழினி என்ற சொல் இருந்திருக்கும். அது எப்படி இயங்கியது என்பது தெரியாமலே போயிருக்கும்.

மறதியும் மீட்பும்

19ஆம் நூற்றாண்டில் பார்சி நாடகக் குழுக்கள் வண்ணம் தீட்டிய திரைகளோடு தென்னாட்டிற்கு வந்தன. தமிழ் நாடகக் குழுக்களும் அவற்றைப் பின்பற்றின. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களையும் மேடையேற்றினார். மறு ஆண்டு, 1892இல், உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றினார். திரையைப் பிறரிடம் கற்றுக்கொண்டிருந்த தமிழர்களுக்கு, தங்கள் முன்னோரின் மூன்று திரைகளைப் பற்றி அச்சு நூலில் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது.

அதன் பிறகு நாடக இலக்கணம் மீண்டும் எழுதப்பட்டது. 1897இல் பரிதிமாற் கலைஞர் 'நாடகவியல்' இயற்றினார். 1926இல் ஈழத்து விபுலானந்த அடிகளின் 'மதங்க சூளாமணி' வெளிவந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் தமிழ் நாடக மரபையும் அது ஒன்றாக வைத்து ஆராய்ந்தது.

பிறரிடம் கற்பதில் தவறில்லை. பார்சித் திரை தமிழ் மேடைக்கு அழகு சேர்த்தது உண்மை. ஆனால் நம்மிடம் இருந்ததை அறியாமல் இரவல் வாங்குவது வேறு. அறிந்து, ஒப்பிட்டு ஏற்பது வேறு. இன்று ஒரு பள்ளி மண்டபத்தில் நாடகம் போடும் ஆசிரியரும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கடைசி வரிசைக்கு முகம் தெரிகிறதா? நடிகர் எந்த வழியாக வருகிறார்? நிழல் எங்கே விழுகிறது? திரை எப்போது மூடுகிறது? இவற்றுக்கு விடை தேடுபவர், அரங்கேற்று காதையை ஒருமுறை உரையோடு படித்துவிட்டு மேடைக்குப் போகலாம்.