தோட்டத்து மாலையும் தமிழ் நாளிதழும்

நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டு, பின்னர்ப் பால்வெட்டு, நிறுவை. பாட்டாளி ஓய்ந்து அமர்வது பிற்பகலுக்குப் பின்னரே. எனவே காலையில் அச்சான இதழும் அங்கு மாலை இதழாகவே வாழ்ந்தது. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, லயத்தார் கேட்டனர்; விற்பனைப் படிகளைக் கொண்டு வாசகரை அளத்தல் இங்குப் பொருந்தாது.

1924இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனை மிதவாத இதழென்றும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ஒரு காசு விலையில் தொடங்கிய தமிழ் முரசைச் சீர்திருத்த இதழென்றும் பிரிப்பது வழக்கம். இப்பிரிவினை முற்றும் ஏற்கத்தக்கதன்று. 1941இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் நேசனில் பணியாற்றியவரே. கூலி உயர்வோடு, துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும், உறவினர் தடையின்றித் தோட்டத்துள் வரவேண்டும் என்பனவும் அன்றைய கோரிக்கைகள். வெளியுலகச் செய்திக்குத் தோட்ட வாயில் எத்துணை இறுக மூடியிருந்தது என்பதற்கு இதுவே சான்று. நாதன் நாடுகடத்தப்பட்டார்; கிளர்ச்சியோ நெகிரி செம்பிலானையும் எட்டியது.

போருக்குப் பின் சிரம்பானில் பி. பி. நாராயணன் தொழிற்சங்கப் பணி தொடங்கினார். 1950களில் தோட்டத் துண்டாடல் வந்தது. நேசன் 2019 சனவரி இறுதியில் நின்றது. படிக்கக் கேட்ட லயத்துக் கூட்டம் அதற்கு நெடுநாள் முன்னரே கலைந்திருந்தது.