கைவிடப்பட்ட குடலின் கதை

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக்கோத்த காலத்திலேயே ஆசிரியபீடத்தில் சேர்ந்துவிட்டேன். அக்காலத்தில் அச்சேறாத சொற்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. எங்கும் எழுதி வைக்கப்படாவிட்டாலும் எல்லோருக்கும் அது மனப்பாடம். மலக்குடல், மலவாசல் ஆகிய இரண்டும் அதில் அடக்கம். எவரேனும் பிரமுகர் மலக்குடற் புற்றுநோயால் காலமானால் 'சிலகாலம் சுகவீனமுற்றிருந்து' என்றே செய்தி வரும். நானும் இச்சொற்களை நீலப்பென்சிலால் பலமுறை வெட்டியிருக்கிறேன்.

அப்படி வெட்டியவனுக்கே அச்சொல்லை வைத்தியரிடம் வாய்திறந்து சொல்ல மூன்று மாதங்கள் பிடித்தன.

2014 ஆம் ஆண்டு எனக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள். ஏழு வாரங்கள் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தது. புற்றுநோய் அடங்கிவிட்டது. ஆனால் புரொஸ்டேட் சுரப்பிக்கு முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பது மலக்குடல். அங்கு விழுந்த கதிர்களின் கணக்கு ஓராண்டு கழித்து இரத்தப்போக்காக வந்து சேர்ந்தது. பின்னர் அங்கே ஒரு புண் உண்டாகி ஆறமறுத்தது. இரத்தம் ஏற்றி ஏற்றிச் சலித்துப்போன நிலையில், 2016 இல், மலம் அவ்வழியே செல்லாதபடி பெருங்குடலை இடப்பக்க அடிவயிற்றில் வெளியே திறந்து ஒரு பையைப் பொருத்தினார்கள். கொலஸ்டமி என்பது இதுதான்.

பாதை மூடப்பட்டுவிட்டது, இனித் தொல்லை இல்லை என்று எண்ணினேன். சில மாதங்களிலேயே பழைய வழியால் சளி வரத் தொடங்கியது. பிறகு இரத்தக் கறை. போதாக்குறைக்கு, பையில் மலம் சேர்ந்துகொண்டிருக்கும்போதே, மலங்கழிக்க வேண்டும் என்ற அவசர உணர்வும் வரும். புற்றுநோய் திரும்பிவிட்டது என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டு, கறைபட்ட துணிகளை நானே தோய்த்தேன். ஐம்பது ஆண்டு மணவாழ்வில் நான் துணி தோய்த்தது அதுதான் முதற்தடவை. மனைவிக்குச் சந்தேகம் வர வேறென்ன வேண்டும்?

"என்னட்டை ஒளிக்கிறது சரி. டொக்டரிட்டையும் ஒளிக்கப் போறியளோ?" என்று கேட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

வைத்தியர் வயதில் இளையவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாங்கள் வாசற்கதவைத்தான் அடைச்சம் ஐயா. வீட்டுக்குள்ள ஆள் இருக்குது" என்றார். அந்த ஆளின் வரலாற்றைத் தேடியபோது, பத்திரிகையாளருக்குத் தீனிபோடக்கூடிய பல செய்திகள் கிடைத்தன.

1710 இல் பாரிஸ் நகரில் அலெக்சிஸ் லித்ரே என்ற மருத்துவர், மலவாசல் திறவாமற் பிறந்து இறந்துபோன சிசு ஒன்றின் உடலை ஆராய்ந்தார். குடலை வயிற்றுச் சுவரில் திறந்துவிட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கலாமே என்று எழுதிவைத்தார். அக்கருத்து 66 ஆண்டுகள் தாளிலேயே கிடந்தது. 1776 இல் ரூவோன் நகரில் பில்லோர் என்பவர் அதனைச் செய்துபார்த்தார். நோயாளி ஒரு வைன் வியாபாரி. மலக்குடற் புற்றுநோயால் வழி அடைபட்டிருந்தது. அடைப்பை இடித்துத் தள்ளிவிடும் என்ற நம்பிக்கையில், அதற்கு முன்னரே அம்மனிதருக்குப் பெருமளவு பாதரசத்தைக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள்! சத்திரசிகிச்சை பலித்தது. வயிற்றுத் திறப்பை ஒரு பஞ்சுத்துண்டால் மூடிக் கட்டி வைத்தார்கள். ஆயினும் உள்ளே தங்கிய பாதரசம் ஒரு மாதத்துக்குள் அவரைக் கொன்றது. 1793 இல் பிரெஸ்ட் துறைமுக நகரில் டியூரே என்பவர் மூன்று நாட் சிசுவுக்குச் செய்த சத்திரசிகிச்சையோ முழு வெற்றி. அப்பிள்ளை 45 வயதுவரை வாழ்ந்தது.

பையின் வரலாறு இதைவிடச் சோகமானது. உயிரைக் காப்பாற்றிய பின் அம்மனிதர் சபையில் எப்படி இருப்பார் என்பதைப் பற்றி நெடுங்காலம் எவரும் பெரிதாக யோசிக்கவில்லை. 1954 இல் எலிஸ் சோரென்சன் என்ற டென்மார்க் நாட்டுத் தாதிதான், தன் தங்கை தோரா இச்சிகிச்சைக்குப் பின் வீட்டைவிட்டு வெளியே செல்ல அஞ்சுவதைக் கண்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையை எண்ணிக் கண்டுபிடித்தவர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், தானே குடற்றிறப்புச் செய்துகொண்ட நோர்மா கில் என்ற பெண்மணி, 1958 முதல் சத்திரசிகிச்சை நிபுணர் ரூபர்ட் டேர்ன்புலுடன் சேர்ந்து ஏனைய நோயாளருக்கு வழிகாட்டினார். இதற்கான பயிற்சிப் பள்ளி 1961 இல் அங்கேயே தோன்றியது.

இவையெல்லாம் வயிற்றுப் பக்கத்துக் கதை. கீழே விடப்பட்ட குடல் என்ன ஆயிற்று?

1908 இல் லண்டனில் ஏர்னஸ்ட் மைல்ஸ் எழுதிய சத்திரசிகிச்சை முறையில் மலக்குடல் முழுவதும் அகற்றப்பட்டது. அங்கே முறையிட ஒன்றும் மிஞ்சவில்லை. 1921 இல் பிரான்சின் ஹென்றி ஹார்ட்மன் விவரித்த முறையிலோ, நோயுற்ற பகுதியை வெட்டியபின் மலக்குடலின் அடித்துண்டைத் தைத்து உள்ளேயே விட்டார்கள். அதன்பின் உலகெங்கும் எத்தனையோ பேர் இவ்வாறு ஒதுக்கப்பட்ட குடலுடன் வாழ்ந்தார்கள். அக்குடலில் உண்டாகும் அழற்சியை, மலத்தின் பாதை மாற்றப்பட்டதால் வருவது என்று இனங்கண்டு குளொட்சரும் அவருடைய சகாக்களும் கட்டுரை வெளியிட்டது 1981 இல். ஹார்ட்மனிலிருந்து எண்ணினால் அறுபது ஆண்டுகள்! அத்தனை காலமும் 'பையில்தானே போகிறது, அங்கே என்ன வரப்போகிறது?' என்று திருப்பியனுப்பப்பட்டோர் எத்தனை பேரோ.

காரணம் விந்தையானது. பெருங்குடலின் உட்படலம் தன் உணவில் பெரும்பங்கை இரத்தத்திலிருந்து பெறுவதில்லை. நாம் உண்ணும் நார்ப்பொருளைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து ஆக்கும் கொழுப்பமிலங்களே, குறிப்பாக பியூட்டிரிக் அமிலமே, அதற்குச் சோறு. மலம் வராவிட்டால் அந்தப் படலம் பட்டினி கிடக்கிறது. அழற்சி வருகிறது, சளியும் சிலவேளை இரத்தமும் கசிகின்றன. 1989 இல் ஹாரிக் முதலியோர் அந்த அமிலங்களையே கரைசலாக்கி ஒதுக்கப்பட்ட குடலுள் செலுத்தி அழற்சியைத் தணித்துக் காட்டினார்கள். பின்வந்த ஆய்வுகளில் பலன் ஒரேமாதிரி அமையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கதிர்வீச்சுப் புண்ணின் கதை வேறு. றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 இல். இரண்டே ஆண்டுகளில் டேவிட் வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர், அக்கதிர் தோலை மட்டுமன்றி உள்ளுறுப்புகளையும் தாக்குகிறது என்று எச்சரித்தார். சிகிச்சையால் வரும் மலக்குடல் அழற்சியை அமெரிக்காவின் பூயி, மல்ம்கிரென் இருவரும் 1930 இல் விவரித்தார்கள். கதிர்பட்ட இடத்தில் சிறிய இரத்தக்குழாய்கள் மெல்ல மெல்ல அடைபடுகின்றன. ஈடுசெய்யப் புதிய குழாய்கள் சிலந்திவலைபோல் முளைக்கின்றன. அவை தொட்டாலே உடையும் தன்மையன. ஆகவேதான் இரத்தப்போக்கு மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழித்து வருகிறது. அத்தகைய குடலிலிருந்து பரிசோதனைக்குச் சதைத்துண்டு வெட்டுவதற்கும் வைத்தியர்கள் தயங்குவார்கள். வெட்டிய இடம் ஆறாமல் துளையாகிவிடக்கூடும்.

என் நிலை அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. கதிர்வீச்சால் என் மலக்குடலுக்கு இரத்தப் பஞ்சம். அதற்கு ஓய்வுகொடுக்கச் செய்த கொலஸ்டமியால் உணவுப் பஞ்சம். இரண்டையும் பிரித்தறிவது வைத்தியருக்கே எளிதன்று. உள்நோக்கிக் கருவியைச் செலுத்திப் பார்த்தார்கள். புற்றுநோய் திரும்பவில்லை. உடைந்த குழாய்கள் சிலவற்றை ஆர்கன் வாயுவழி மின்சாரத்தால் சுட்டு அடைத்தார்கள். பின்னர் இரவுதோறும் மலவாசல்வழியே செலுத்திக்கொள்ள ஒரு மருந்தைத் தந்தார்கள். அது சுக்ரல்பேட். வயிற்றுப் புண்ணுக்கு விழுங்கும் பழைய மருந்துதான். அதனைக் கரைத்து மலக்குடலுள் செலுத்தினால் கதிர்வீச்சுப் புண்ணுக்குப் பயன்படும் என்று முறையான ஒப்பீட்டாய்வு செய்து 1991 இல் வெளியிட்டவர்கள் சண்டிகர் நகரத்து மருத்துவர்கள் என்று அறிந்தபோது, பக்கத்து நாட்டுக்காரன் என்ற முறையில் ஒரு சின்னப் பெருமை.

அவசர உணர்வு வரும்போது என்ன செய்வது என்பதைச் சொல்லித்தந்தவர் ஒரு தாதி. "அடக்காதேங்கோ ஐயா, போய்ச் சும்மா இருங்கோ, சளி வந்தால் உணர்வு அடங்கும், முக்க மட்டும் வேண்டாம்" என்றார். இவ்வளவுதான். இதை முதல்நாளே எவரும் சொல்லியிருந்தால் மூன்று மாதங்கள் நான் என் மரண அறிவித்தலை மனத்தில் எழுதித் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரத்தம் இப்போது எப்போதாவதுதான். வந்தால் அன்றே வைத்தியருக்கு அறிவிக்கிறேன். சளி தன்பாட்டுக்கு வந்துபோகிறது. இரவு ஒன்பது மணிச் செய்தி வாசிக்கும்போது இடப்பக்கம் சரிந்து படுத்து மருந்தை ஏற்றிக்கொள்வேன். செய்தி முடியும்வரை எழும்பக்கூடாது என்பது மனைவியின் கட்டளை. விளம்பரங்களும் அதில் அடக்கமாம்.