அறமும் வழக்கும்

அறமென்பது நாட்டுக்கு நாடு வேறுபடும் வழக்கேயன்றி, யாவர்க்கும் பொதுவாய் நிற்பதொன்றன்று என்பார் இக்காலத்துப் பலர். இக்கொள்கை பழையதே. கி.மு. 5ஆம் நூற்றாண்டினராகிய எரோடோட்டசு என்னும் யவன வரலாற்றாசிரியர், பாரசீக வேந்தன் டேரியசு அவையில் நிகழ்ந்ததாக ஒன்று கூறுவர். எத்துணைப் பொருள் பெறின் இறந்த தந்தையின் உடலை உண்பீர் என வேந்தன் யவனரை வினவ, எதன்பொருட்டும் அது செய்யோம் என்றனர். அங்ஙனம் உண்ணும் வழக்கினரான இந்தியக் குழுவினரை, எத்துணைப் பொருள் பெறின் எரிப்பீர் என வினவ, அவர் அலறி அச்சொல்லையே விலக்கினர். வழக்கமே யாவர்க்கும் வேந்து என அவ்வாசிரியர் முடித்தனர்.

ஈண்டு வேறுபட்டது செயலே. அச்செயற்கு அடியாய் நின்ற தந்தைபால் அன்பு இருதிறத்தார்க்கும் ஒன்றே. ஆகலின், இஃது அறம் பலவென்பதற்குச் சான்றாகாது.

அற்றேல், வழக்கே உயிரைக் கொள்ளுமிடத்து என்னெனின், நம் நாட்டு வரலாறு விடை தரும். தில்லைப்பெருமான்மீது திருவிசைப்பா அருளிய கண்டராதித்த சோழர் மறைந்தபின், அவர் தேவியார் செம்பியன்மாதேவியார் உயிர்தாங்கி, இளமகன் உத்தமசோழரை வளர்த்து, திருநல்லம் முதலிய தலங்களிற் கற்றளிகள் எடுப்பித்தனர். சில ஆண்டுகளுக்குப்பின் அக்குடியிலேயே சுந்தரசோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் துஞ்சியபோது, முதலாம் இராசராசரின் தாயார் வானவன்மாதேவியார் உடன் மாய்ந்தனர். இதனைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் குறிக்கும். பாலுண் குழவியையும் பிரிந்து சென்றாரெனத் திருக்கோவலூர்க் கல்வெட்டுக் கூறும். குடி ஒன்று, சமயம் ஒன்று, காலமும் ஒன்று, ஒழுகலாறோ இரண்டு. வழக்கே அளவுகோலெனின், இவ்விரண்டனுள் எதனை அறமென்பது?

1829ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வங்கத்தில் பெண்டிங்கு பிரபு உடன்கட்டையைத் தடுத்துச் சட்டம் செய்தனர். அடுத்த ஆண்டில் அது சென்னை மாகாணத்திலும் வந்தது. அயலார் தம் நெறியை நம்மேற் சுமத்தினர் எனச் சிலர் இலண்டன் வரை முறையிட, அம்முறையீடு 1832இல் தள்ளப்பட்டது. இராசாராம் மோகன்ராயர் போன்ற இந்நாட்டாரே அத்தடையை வேண்டினர் என்பதை அவர் எண்ணிலர்.

அயலார் ஆணைக்கு ஏறக்குறைய எழுநூறாண்டு முன்னரே சேக்கிழார் பெருமான் இதனைக் காட்டினர். புகழனார் மறைய மாதினியார் உடன் சென்றார். கலிப்பகையார் போரிற் பட்டாரெனக் கேட்டுத் திலகவதியாரும் உயிர்துறக்கத் துணிந்தார். தம்பியார் அடிவீழ்ந்து அழ, அவர்பொருட்டு உயிர்தாங்கி, எவ்வுயிர்க்கும் இரங்கும் தவத்தினராய் மனையில் இருந்தார். அவ்வம்மையார் அன்று மாய்ந்திருப்பின், சமணம் புக்க தம்பியாரை மீட்டுத் திருநீறளிப்பார் யார்? நாவரசரை நாம் பெறுவது யாங்ஙனம்?

தாயை ஆசிரியர் இகழ்ந்திலர். நாமும் வானவன்மாதேவியாரை இகழ்தல் தகாது. ஆயினும், வழக்கைக் கடந்து வழக்கையே அளக்கும் பொருளொன்று உண்டென்பது திலகவதியார் சரிதத்தால் விளங்கும். அஃது உயிர்கள்மாட்டு இரக்கம். வழக்குக் காலந்தோறும் மாறுக. இரக்கத்தோடு மாறுபடும் வழக்கு, நம்முடையதேயாயினும் அறமாகாது.

திருச்சிற்றம்பலம்.